மஞ்சள் மணிக்கு அனுமதியில்லை

உங்கள் மேசையிலிருக்கும் கணினிக்கு நினைவகம் போதாது, மேடம். நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து பார்க்கிறேன், நீங்கள் ஓர் எழுத்தைத் தட்டினால் அது ஆடி அசைந்து திரைக்கு வருகிறது. மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி எழும்பி ஏதோ கேட்கிறது, நீங்கள் படிக்காமலேயே மூடிவிடுகிறீர்கள். அப்படி மூடக் கூடாது. படித்துப் பார்த்து ஒன்று சரி என்று சொல்ல வேண்டும், இல்லை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கையில் இந்த மாவுக்கட்டு மட்டும் இல்லையென்றால் நானே உட்கார்ந்து சரிசெய்து கொடுத்துவிடுவேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரெமுஸ் என்னை ஏன் அடித்தான் என்று கேட்டீர்கள். மணிக்கட்டு முறிந்தது, முன்பல் இரண்டு போயிற்று, அதனால் சில எழுத்துகள் காற்றாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. புகாரில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதை எல்லாவற்றையும் சொன்ன பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவன் என் மகன் இல்லை. என் மனைவி அக்லாயாவுக்கு முதல் கணவர் மூலம் பிறந்தவன். நான் அந்த வீட்டுக்குக் குடிபோனபோது அவனுக்கு மீசை முளைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. என்னைத் திபி மாமா என்று கூப்பிடுவான். மரியாதை தெரிந்த பையன். அடிக்கும்போதுகூட திபி மாமா என்றுதான் கூப்பிட்டான்.

நான் இந்தப் பிரயிலா ஊரின் காகிதக்கூழ் ஆலையில் அளவுமானிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன். எந்தக் குழாயில் எவ்வளவு அழுத்தம், எந்த வால்வு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, இதுதான் என் வேலை. சந்தேகமிருந்தால் மூடிவிட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மூடிய வால்வால் யாரும் செத்ததில்லை என்பார் எங்கள் மேலாளர். ஆலையையும் ஒருநாள் மூடினார்கள். என் முதல் மனைவி ஜெனோவேவா இத்தாலிக்குப் போனாள், படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ள. மூன்றே மாதம் என்றாள். பெட்டியைப் பேருந்தில் ஏற்றிவிட்டது நான்தான். கிழவி செத்துப்போனாள், கிழவியின் மகன் உயிரோடிருந்தான், ஜெனோவேவா திரும்பி வரவில்லை. எங்கள் குடியிருப்பில் இப்படிப்பட்ட ஆண்கள் மாடிக்கு ஒருவர் இருக்கிறோம். கடைவாசலில் நின்று பீர் குடிப்போம், எல்லாம் பேசுவோம், இதை மட்டும் பேச மாட்டோம்.

அக்லாயா ஆலை உணவகத்தில் இருந்தவள். புருஷனை இழந்து தனியாக இருந்தாள். ஆலை ஓடிய நாளிலேயே என் தட்டில் மட்டும் கூடுதலாக ஒரு கரண்டி போடுவாள், கேட்டால், "எலும்பு வெளியே தெரியுதேய்யா, ஆலைக்குக் கெட்ட பேரு" என்பாள். ஜெனோவேவா வரமாட்டாள் என்றான பிறகு கட்டிக்கொண்டோம். அவள் வீட்டுக்கே நான் போனேன். ரெமுஸ் அடுத்த வருஷமே ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போய்விட்டான். தன் அறையையும் அறையிலிருந்த பழைய கணினியையும் விட்டுப் போனான். அந்தக் கணினியிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

அவனிடம் தங்கும் அனுமதி கிடையாது. ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. தோட்டம் தோட்டமாக மாறிக்கொண்டிருந்ததால் நிலையான முகவரியோ போனோ இல்லை. ஞாயிறு சாயங்காலம் ஏதோவொரு கடையில் காசு கொடுத்து உட்கார்ந்து கேமராவில் பேசுவான். திரையின் மூலையில் ஒரு சின்ன மணி இருக்கும். அவன் வந்துவிட்டால் அது மஞ்சளாகும், இல்லாதபோது சாம்பல் நிறம். பெயர், கடவுச்சொல் எல்லாம் அவனே பதித்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அக்லாயாவுக்கு அந்த மணியை அழுத்த மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உதட்டுச் சாயம் பூசிக்கொள்வாள். எனக்காக அவள் ஒருநாளும் பூசியதில்லை, அதைக் குறையாகச் சொல்லவில்லை. முட்டைக்கோசு இலையில் இறைச்சியைப் பொதிந்து வேகவைத்து, ஆவி பறக்கத் தட்டைக் கேமராவுக்கு நேரே பிடிப்பாள். அவன் அங்கிருந்து வாயைத் திறந்து காட்டுவான். இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் கேமராவில் விழாத நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அந்தத் தட்டு ஆறிய பிறகுதான் எனக்கு வரும்.

ஃபயர்வால் போடச் சொன்னது ரெமுஸ்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அக்லாயா ஒருநாள் பாதிரியாரின் மனைவிக்கு அவன் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது, துணியில்லாத பெண்கள் மூன்று பேர் திரையில் வந்து நின்றார்கள். என்ன அழுத்தினாலும் போகவில்லை. அந்த அம்மாள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, "ஸ்பெயின்ல பொண்ணுங்க இப்படியா நிக்கறாங்க?" என்று கேட்டாள். அடுத்த ஞாயிறு ரெமுஸிடம் சொன்னதும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "திபி மாமா, ஃபயர்வால் ஒண்ணு போட்டுடுங்க. வெளியிலேர்ந்து யார் உள்ள வரணும், உள்ளேர்ந்து யார் வெளிய போகணும்னு அது பாத்துக்கும். நீங்க வால்வு பாத்தவர்தானே, உங்களுக்கு இதெல்லாம் சுளுவு" என்றான்.

சுளுவாம். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எங்கள் குடியிருப்புக்கெல்லாம் மொட்டைமாடி வழியாக இணையக் கம்பி இழுத்துக் கொடுத்திருந்த செபி ஒரு வட்டு கொடுத்தான். அதை உள்ளே தள்ளினால் கணினி கரகரவென்று கத்தும், பாதியில் நின்றுவிடும், திரை நீலமாகும். அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. மறுபடி நீலம். நினைவகம் போதாது என்றது. எதையாவது அழி என்றது. எதை அழித்தாலும் இது இல்லாமல் நான் இயங்க மாட்டேன் என்றது. ஒரு வாரம் இப்படியே உயிரை வாங்கியது. ஒருவழியாக ஏறி உட்கார்ந்த பிறகு வந்தது பாருங்கள், கேள்வி. இன்ன நிரல் வெளியே போகப் பார்க்கிறது, விடலாமா, தடுக்கலாமா? பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான். எல்லாம் ஆங்கிலம். நான் படித்தது ரஷ்யன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த நிரலின் பெயர் எந்த மொழியிலும் இல்லாத பெயராக இருக்கும். விடு என்றால் இரண்டு நிமிஷத்தில் அதே கேள்வியை மறுபடி கேட்கும். தொட்டதற்கெல்லாம் கேட்கும். கடிகாரம் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளப் போனால்கூடக் கேட்கும்.

அக்லாயா பின்னல் ஊசியோடு கதவருகில் நின்று பார்ப்பாள். "என்னய்யா, அது உன்னை இத்தனை கேள்வி கேக்குது? கட்டிக்கறதுக்கு முன்னாடி நான்கூட இவ்வளவு விசாரிக்கலியே."

"விசாரிச்சிருந்தா கட்டியிருப்பியா?"

"மாட்டேன். அதான் விசாரிக்கல."

செபியிடம் போனேன். "அண்ணே, அது குழந்தை மாதிரி. ஆரம்பத்துல எல்லாத்தையும் கேக்கும். பதில் சொல்லிச் சொல்லிப் பழக்கணும்" என்றான். எத்தனை நாள் என்று கேட்டேன். "அது உங்க பொறுமையைப் பொறுத்தது." பொறுமை இருந்தால் நான் ஏன்டா உன்னிடம் வருகிறேன் என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தேன். ஆத்திரமாக வந்தது, மேடம். வாழ்நாள் முழுக்க அழுத்தமானிகளோடு இருந்தவனை ஒரு பழைய தகரப் பெட்டி முட்டாளாக்கிக்கொண்டிருந்தது. வந்து உட்கார்ந்ததும் நாலு கேள்வி வரிசையாக வந்தன. நாலுக்கும் சிவப்பை அழுத்தினேன். இனிமேல் கேட்காதே என்று அடியில் ஒரு கட்டம் இருக்கும், அதிலும் குறி போட்டேன். அடங்கிவிட்டது. அந்த அமைதி எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த நாலில் ஒன்று அந்த மணியின் நிரல் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அவள் சாயம் பூசி, தட்டோடு உட்கார்ந்தாள். மணி சாம்பலாகவே இருந்தது. வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் தட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். அன்றைக்கு அது சூடாக இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம், டிவியில் ஏதோ பாட்டுப் போட்டி, அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அந்த வீட்டுக்கு நான் வந்த பிறகு எனக்கென்று கிடைத்த முதல் ஞாயிறு அது.

இரண்டொரு நாளில் தவறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். ஃபயர்வாலுக்குள் ஒரு வரிசை இருக்கிறது, ஒவ்வொரு நிரலுக்கும் பக்கத்தில் பச்சை அல்லது சிவப்பு. மஞ்சள் மணிக்கு நேரே சிவப்புப் பெருக்கல் குறி இருந்தது. ஒரே ஒரு சொடுக்கு போதும், பச்சையாகிவிடும். சொடுக்கத்தான் கையை வைத்தேன். அப்போது அக்லாயா வெளியிலிருந்து வந்தாள், கன்னம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு. கையில் கடவுச்சீட்டுக்கு எடுத்த படங்கள். ஒரே மாதிரி நாலு அக்லாயா.

"ரெமுஸோட சேந்து இருக்கற பொண்ணு மாசமா இருக்காய்யா. அவனே கடைசியா பேசினப்ப சொன்னான், நீ அப்ப கடைக்குப் போயிருந்த. பிரசவத்துக்கு நான் போகணும். அந்தப் பொண்ணுக்குத் தாய் இல்ல."

"எவ்வளவு நாள்?" என்று கேட்டேன்.

"மூணே மூணு மாசந்தான்யா."

கையை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான். நான் புதிதாக எதையும் செய்யவில்லை. இருந்ததை இருந்தபடி விட்டேன். அன்றைக்கே ஃபயர்வாலுக்கு ஒரு கடவுச்சொல்லும் போட்டேன், அது நல்ல பழக்கம், கையேட்டிலேயே போட்டிருந்தது.

அவள் செபியைக் கூட்டிவந்தாள். அவன் கம்பியைப் பார்த்தான், சரியாக இருந்தது. ஃபயர்வாலைத் திறக்கப் பார்த்தான். "அண்ணே, பாஸ்வேர்டு கேக்குதே?" ரெமுஸ் அங்கிருந்தே கணினிக்குள் வந்து போட்டதுடா, எனக்கெப்படித் தெரியும் என்றேன். ரெமுஸ் போட்ட பூட்டு என்றதும் அக்லாயா அதை அப்படியே நம்பினாள். "அப்ப விடு தம்பி, அவன் ஏதாவது காரணமாத்தான் போட்டிருப்பான். தோட்டம் மாறியிருப்பான், மறுபடி வருவான்" என்றாள். வீட்டிலிருந்த தொலைபேசியை இணையம் வந்தபோதே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டோம். கைபேசி என்னிடம் மட்டும் இருந்தது. கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு அவள் போகவில்லை. அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரியாமல் எங்கே போவது?

அந்தக் கைபேசிக்கு ரெமுஸ் ஏதோவொரு கடைத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டான். பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தேன்.

"திபி மாமா, அம்மா ஏன் வர்றதே இல்ல? ஞாயிறு ஞாயிறா உக்காந்து பாத்துட்டு வரேன்."

"அம்மா கோவமா இருக்காடா."

"கோவமா? எதுக்கு?"

"கல்யாணம் பண்ணிக்காம குழந்தை. நாலு பேரு நாலு விதமாக் கேக்கறாங்க. அவளால வெளிய தலைகாட்ட முடியல."

"நான் சொன்னப்ப சந்தோஷமா அழுதாங்களே, மாமா."

"அது உன் முன்னாடி."

"ஒரு நிமிஷம் குடுங்க. நான் பேசிக்கறேன்."

"வேணாண்டா. கொஞ்சம் ஆறட்டும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் குட்டிச் சட்டை பின்னிக்கொண்டிருந்தாள். வெள்ளை நூல். என்னைப் பார்த்து ஊசியை ஆட்டினாள், குளிருது, உள்ள வா என்கிற மாதிரி. உள்ளே போனதும் யார் என்று கேட்டாள். ஆலைக்காரன் ஒருவன் என்றேன். அவன் அப்புறமும் கூப்பிட்டான், நானும் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகப் பேசினேன். பையனிடம் ஒருமுறைகூட நான் குரலை உயர்த்தியதில்லை, வேண்டுமானால் அவனையே கேளுங்கள். குழந்தை பிறந்துவிட்டது என்றும் சொன்னான். வாழ்த்துச் சொன்னேன்.

குளிர்காலத்தில் ஒரு செய்தி வந்தது. ஸ்பெயினில் தோட்டக் கூலிகளை ஏற்றிப்போன பேருந்து கவிழ்ந்துவிட்டது, அதில் நம் ஆட்களும் இருந்தார்கள், எல்லோருடைய பெயரும் தெரியவில்லை என்று டிவியில் சொன்னார்கள். சாலையோரம் செருப்புகளையும் பிளாஸ்டிக் கூடைகளையும் காட்டினார்கள். அக்லாயா டிவிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தூதரகத்துக்கு எழுது, எழுது என்று நச்சரித்தாள். எழுதிவிட்டேன் என்றேன். பதில் வந்ததா என்று கேட்கும்போதெல்லாம் இல்லை என்றேன், அது உண்மைதான், எழுதாததற்குப் பதில் எங்கே வரும்?

நான் கல்நெஞ்சக்காரன் என்று நினைக்காதீர்கள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. பச்சையாக்கிவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். ஆனால் பச்சையாக்கினால் இரண்டு பேரும் பேசுவார்கள். பேசினால் நான் அவனிடம் சொன்னது அவளுக்கும், அவளிடம் சொன்னது அவனுக்கும் தெரிந்துவிடும். முதல் வாரத்தில் திறந்திருந்தால் அது ஒரு தவறு, மன்னித்திருப்பாள். இத்தனை மாதம் கழித்துத் திறந்தால் அதற்கு வேறு பெயர்.

ஒரு சனிக்கிழமை, கைபேசி அடித்தது. தேவாலயத்திலிருந்து அவளைக் கூட்டிவரப் போய்க்கொண்டிருந்தேன்.

"மாமா, டிவில காட்டினாங்களாமே. இங்க கூட இருக்கறவன் இப்பதான் சொன்னான். நான் அந்த பஸ்ல இல்ல. அம்மாகிட்ட சொல்லிடுங்க. எம்மேல எவ்வளவு கோவம் இருந்தாலும் பரவாயில்ல, இதை மட்டும் சொல்லிடுங்க."

"சொல்றேன்டா" என்றேன். சொல்லத்தான் போனேன், மேடம்.

நம் தேவாலய வாசலில் மெழுகுவத்தி வைக்கும் தகரப் பெட்டி இரண்டு இருப்பது உங்களுக்குத் தெரியாததா? ஒன்றின் மேல் உயிரோடிருப்பவர்கள் என்று எழுதியிருக்கும், மற்றதன் மேல் இறந்தவர்கள். அவள் வாரந்தவறாமல் ரெமுஸுக்கு ஒரு வத்தி உயிரோடிருப்பவர்கள் பெட்டியில் வைப்பாள், செத்துப்போன முதல் கணவருக்கு ஒன்று பக்கத்துப் பெட்டியில். நான் போனபோது அவள் இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். வத்தி விற்கிற கிழவி சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்லாயா முதல் பெட்டியிலிருந்து எரிந்துகொண்டிருந்த வத்தியைப் பிடுங்கினாள், கையால் காற்றை மறைத்துக்கொண்டு போய், பக்கத்துப் பெட்டி மணலில் நட்டாள். சரியாக நிற்கவில்லை, சாய்ந்தது, நிமிர்த்தி வைத்தாள்.

உயிரோடிருப்பவனுக்கு இறந்தவர்கள் பெட்டியில் வத்தி வைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று நம் ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்தே எதிரிக்கு அப்படி வைத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கைபேசி என் பையில் இன்னும் சூடாக இருந்தது. நான் பக்கத்தில் போய் அவள் தோளில் கை வைத்தேன். அவள் என் மேல் சாய்ந்து அழுதாள். "எனக்கு இனிமே நீ மட்டுந்தான்யா" என்றாள்.

அதைக் கேட்ட பிறகு அவளைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

முறைப்படி எல்லாம் செய்தோம். கோதுமையை வேகவைத்து, சர்க்கரை போட்டு, செத்தவர்களுக்குப் படைக்கும் கொலிவா செய்தாள். அக்ரூட் பருப்பை அரைத்துக் கொடுத்தது நான். மேலே சர்க்கரைத் தூளால் சிலுவை போட்டாள், அது கோணலாகிவிட்டது, அதற்கும் அழுதாள். பாதிரியார் கவ்ரில் தயங்கினார். உடல் இல்லை, சாவுச் சான்றிதழ் இல்லை. "நிச்சயமாத் தெரியுமா, திபேரியு?" என்று என்னைத் தனியே கேட்டார். தூதரகத்திலிருந்து தகவல் வந்தது ஐயா, அவளிடம் காட்ட மனம் வரவில்லை என்றேன். அவர் பாடினார். கொலிவாத் தட்டை எல்லோருமாகப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது நானும் ஒரு விளிம்பைப் பிடித்திருந்தேன். ரெமுஸின் பெயரை இறந்தவர்களோடு சேர்த்துப் படித்தார்கள். பிறகு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன், நன்றாகச் செய்திருந்தாள்.

எழுதுவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? நான் மெதுவாகவே சொல்கிறேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் ஒற்றுமையாக இருந்தோம். கடவுச்சீட்டுப் படங்களை அலமாரியில் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம், அதாவது நான் சாப்பிட்டேன். அவளுடைய இதய மாத்திரையைத் தினமும் காலையில் தட்டில் எடுத்து வைப்பேன், தண்ணீரும் வைப்பேன். அவள் விழுங்குவாள் என்று நினைத்தேன். ஜெரேனியம் செடித் தொட்டி மண்ணில் மாத்திரைகள் கிடந்ததை எல்லாம் முடிந்த பிறகுதான் பார்த்தேன். ஈஸ்டருக்கு முந்தைய வாரம், ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். முறையாக அடக்கம் செய்தேன். குடியிருப்பு வாசலில் கறுப்புத் துணி கட்டினேன், அவள் படம் போட்ட அறிவிப்பு ஒட்டினேன். கடவுச்சீட்டுப் படம்தான் இருந்ததில் தெளிவாக இருந்தது. ரெமுஸ் கூப்பிட்டான், நான் எடுக்கவில்லை. ஊர் கணக்கில் செத்தவனுக்குச் சாவுச் செய்தி எப்படிச் சொல்வது?

மே மாதம் அவனுக்கு அனுமதி கிடைத்தது. சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டு வந்தான், அம்மா காலில் விழுந்தாவது சமாதானம் செய்துவிடலாம் என்று. குழந்தையின் படங்கள் ஒரு பெரிய உறையில். வாசலில் கறுப்புத் துணியைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், மாடிக்கு வராமல் நேரே தேவாலயத்துக்குப் போனான், அம்மாவுக்கு வத்தி வைக்க. வத்தி விற்கிற கிழவி அவனைக் கண்டதும் கத்திவிட்டாளாம். அவன் பேரில் செய்த கொலிவாவைச் சாப்பிட்டவள் அல்லவா? அவளிடமிருந்தும் பாதிரியாரிடமிருந்தும்தான் தனக்கு நடந்த சடங்கை அவன் தெரிந்துகொண்டான்.

செபியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சத்தம் போடவில்லை. "பாஸ்வேர்டு நான் போட்டேனா, மாமா?" என்று மட்டும் கேட்டான். செபி ஃபயர்வாலையே மொத்தமாகக் கழற்றினான். மூலையிலிருந்த மணி மஞ்சளானது. உடனே அவன் ஞாயிறு தோறும் எழுதியவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் விழத் தொடங்கின. அவன் நின்றுகொண்டே படித்தான், தான் எழுதியதைத் தானே. அம்மா இருக்கியா. அம்மா நான் என்ன தப்பு பண்ணினேன். அம்மா, பொண்ணு பொறந்திருக்கா, உன் பேருதான் வச்சிருக்கோம். அம்மா, நான் உயிரோடதான் இருக்கேன், மாமா சொன்னாரா. கீழே வரைக்கும் படித்து முடித்துவிட்டு, "திபி மாமா" என்றான். விசைப்பலகையைத் தூக்கினான். அது பழைய மாதிரி, நல்ல கனம். எழுத்துகள் தரையெல்லாம் சிதறின. நான் கையை முகத்துக்கு முன்னால் கொண்டுபோனது பயன்படவில்லை.

ஆகவே அவன் அடித்ததற்குக் காரணம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. பாதிரியாரிடம் பொய் சொன்னேன், செபியிடம் சொன்னேன், பையனிடம் சொன்னேன். ரெமுஸ் உயிரோடிருக்கிறான் என்று தெரிந்தே அவளை அழவிட்டேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவன் இங்கே உங்களிடம், என் அம்மாவை என்னிடமிருந்து தடுத்தவன் இவன்தான் என்று சொல்லியிருப்பான். அது மட்டும் சரியில்லை. அவனுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஃபயர்வாலின் ஒரு வருஷத் தவணை முடிந்து நான் புதிய வட்டு போட்டேன். ஈஸ்டருக்குப் பதினைந்து நாள் இருக்கும். புதியதைப் போட்டால் பழைய பதில்களையெல்லாம் அது மறந்துவிடும் என்று எனக்குத் தெரியாது. ஞாயிறு சாயங்காலம் நான் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். அவள் அந்த அறையில் தூசி துடைப்பாள், துடைத்துவிட்டுத் திரையிலிருக்கிற அவன் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அதுதான் அவள் வழக்கம். கூப்பிட்டாள்.

"யோவ், இங்க வாயேன். ரெமுஸோட மணி வந்திருக்கு."

கையைத் துடைத்துக்கொண்டு போனேன். திரையின் நடுவில் பெட்டி. மணியின் படம், பக்கத்தில் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும். அவள் மவுஸின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பூசையிலிருந்து வந்த உடையை அவள் மாற்றியிருக்கவில்லை.

"என்ன கேக்குது?"

"வைரஸ். உள்ள வரட்டுமான்னு கேக்குது."

"அவன் மணி மாதிரியே இருக்கேய்யா."

"வேஷம். அப்படித்தான் வரும். அப்பதானே ஜனங்க ஏமாந்து திறப்பாங்க."

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சையின் மேல் அம்புக்குறி நின்றது. நான் அவளைத் தொடவில்லை, எதுவும் சொல்லவில்லை, கரண்டி கையில் அப்படியே இருந்தது. அவள் விரும்பியிருந்தால் அழுத்தியிருக்கலாம், நான் தடுத்திருக்க மாட்டேன்.

"செத்தவன் பேரைச் சொல்லிக்கிட்டுக்கூட வருவானுங்களா, படுபாவிங்க" என்றாள். அம்புக்குறியை நகர்த்திச் சிவப்பை அழுத்தினாள். இனிமேல் கேட்காதே என்கிற கட்டத்தைக் காட்டினேன், அதிலும் குறி போட்டாள். பிறகு மீன் கருகுது பாரு என்றாள்.

அதனால் ரெமுஸிடம் சொல்லுங்கள், மேடம். கடைசியில் அவனைத் தடுத்தது நான் இல்லை, அவன் அம்மாவின் விரல்தான். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.